எத்தனை இடம்?

அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. நோயாளி, லாரி ஓட்டுபவர். அவருடைய மனைவி. வார்டு உதவியாளனான நான். வேறு யாரும் இல்லை.

காலை பதினொரு மணி. ஜன்னலில் நல்ல வெயில். இரவுப் பணி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பகலுக்கு மாறியவன் நான். பகலில் ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்தேன்.

இந்தச் சோதனையில் தேறினால் லாரிக்காரர் அன்றே வீட்டுக்குப் போகலாம். மனைவி அவருடைய சட்டையையும் செருப்பையும் பையில் கொண்டுவந்திருந்தார்.

கண்ணை மூடச் சொல்லி, டாக்டரம்மா அவருடைய இரண்டு புறங்கைகளையும் ஒரே நேரத்தில் பஞ்சால் தொட்டார்.

“எத்தனை இடம்?”

“மூணு. ரெண்டு கை. அப்புறம் பிடரி.”

“ரெண்டுன்னு சொல்லித் தொலைங்களேன்,” என்றார் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. “வீட்ல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. இங்க தொடாததெல்லாம் தெரியுதாக்கும்!”

ஐந்து முறை தொட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. ஐந்து முறையும் மூன்று.

“சாதாரணமா எப்படி இருக்கும்னு அவரே பாக்கட்டும். நீங்க உக்காருங்க,” என்றார் என்னிடம்.

உட்கார்ந்து கண்ணை மூடினேன். நனைந்த துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை வந்தது.

வலது கையில் பஞ்சு. இடது கையில் பஞ்சு.

பிடரியில் ஒரு விரல்.

பஞ்சு இல்லை. விரல்தான். நகம் இருந்தது.

“எத்தனை?”

மூன்று என்பவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டிவைக்கும் உள்வார்டு. கொண்டுபோய் விடுவதே நான்தான்.

“ரெண்டு.”

லாரிக்காரர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குப் புல்லரிச்சிருக்கு அண்ணே,” என்றார் மெதுவாக. “உள்ளதைச் சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போயிடுவேன்.”

நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா அவரை உள்வார்டில் சேர்க்கச் சொல்லி எழுதினார். மனைவி பையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். லாரிக்காரரை நடத்திக் கூட்டிப் போனேன்.

கம்பிக் கதவைத் தாண்டியதும் அவர் நின்றார். பிடரியைத் தடவிப் பார்த்தார்.

“விட்டுடுச்சு அண்ணே. இப்போ தொட்டா ரெண்டுதான் சொல்லுவேன். டாக்டரம்மாவைக் கூப்பிடுங்களேன்.”

முகம் தெளிந்திருந்தது. வீட்டுக்குப் போக வேண்டிய ஆள்தான்.

கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பியபோது என் கைமேல் இன்னொரு கை இருந்தது. அதே நகம்.

இருவருமாகச் சேர்ந்து பூட்டினோம்.