இடைவெளி விடாத அறைகள்

மின்விசிறி சுற்றும் சத்தம் ஜெயபாண்டியின் நாக்கில் கந்தகமாகக் கரித்தது. மதியச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தவர், முதலில் குழம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். விசிறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும் கரிப்பும் அடங்கியது.

"மறுபடி போடு."

கரித்தது.

அவரைப் பார்த்துக்கொள்ளும் மாடத்தி சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். "என்ன மொதலாளி, காதும் நாக்கும் ஒரே ரூமுக்குக் குடிவந்திருச்சா?"

மதுரை டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். வயதாக வயதாக மூளைக்குள் தனித்தனியாக இயங்கிய வலைப்பின்னல்களின் எல்லை மங்கும், ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருப்பதும் விழித்துக்கொள்ளும், எல்லோருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சிரித்தார். ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஒன்றின் தீ மற்றொன்றுக்குத் தாவாதபடி மருந்து அறைகளுக்கு நடுவே இடம் விட்டுத்தான் கட்டியிருந்தார். சீசனில் ஆர்டர் குவிந்தபோது அந்த இடங்களில் தகரக் கொட்டகை போட்டு ஆட்களை உட்காரவைத்ததும் அவர்தான். ஓர் அறை தீப்பிடித்தது. பிறகு எல்லாமே.

தலையணையைச் சரிசெய்துகொண்டே மாடத்தி சொன்னாள்: "எம்மக மாரிசெல்வி கடைசிக் கொட்டகையிலதான் இருந்தா. எம்புட்டுத் தேச்சாலும் அலுமினியத் தூளு போகாது, கை வெள்ளியாட்டம் மின்னும். அந்தக் கைய மட்டுந்தான் குடுத்தாக. வளைஞ்ச சுண்டுவிரல வச்சு அடையாளம் சொன்னேன்."

வேலை கேட்டு வந்தவளிடம் எந்த ஊர் என்றுகூட அவர் கேட்டதில்லை.

"ஏத்தா, இத எதுக்கு இப்பச் சொல்ற?"

"நீங்க பாட்டுக்கு மறந்துட்டுப் போயிருவீகளே."

விசிறி கிறீச்சிட்டது. சத்தத்திலிருந்து சுவைக்கு. சுவையிலிருந்து மூக்குக்கு, முடி கருகும் வாசமாக. வாசம் தோலுக்குத் தாவி, பாதத்திலிருந்து முழங்கால்வரை சூடு ஏறியது. கண்களை இறுக மூடினார். இமைக்குள் வெள்ளித் தூள். வெறுங்கால்கள் ஓடும் ஓசை. அறை அறையாக.

இன்னும் தீப்பிடிக்காதது ஒன்றுதான். சென்னையிலிருக்கும் மகள் அழகுமீனாவின் முகம். அதை இரு கைகளாலும் பொத்திக்கொள்வதுபோல் நினைவில் பிடித்துக்கொண்டார். அதுமட்டும் வேண்டாம்.

"விசிறிய நிறுத்து."

"அப்பவே நிறுத்தியாச்சு, மொதலாளி."

சத்தம் நிற்கவில்லை.

மணக்கோலத்தில் அழகுமீனா சிரித்தாள். சிரித்த வாய் வெள்ளியானது. கன்னம். நெற்றி. இமைகள் இல்லை. கையை நீட்டினாள்.

"அப்பா."

நெஞ்சு சுட்டது.

கண் திறந்தார். வெள்ளைப் பனியனின் மார்பில் வெள்ளித் தூளில் ஒரு கைத்தடம். சுண்டுவிரல் வளைந்திருந்தது.

மாடத்தி பதறவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, தன் கையை அந்தத் தடத்தின்மேல் மெல்லப் பொருத்தினாள்.

"வந்துட்டியா ஆத்தா," என்றாள். "மத்த பிள்ளைக எங்கன?"

அவள் கைக்குப் பக்கத்தில், பனியனில், இன்னொரு தடம் பதியத் தொடங்கியது.