மாவு பிசைந்து வைத்தவள்

சாமான் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. டைல்ஸ்காரர் முதலில் இறங்கி, மகளைத் தூக்கி ஈரம் படாத படியில் நிறுத்தினார். சாவியைப் பூட்டில் நுழைத்தவர், திருப்பாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"திறடா," என்றாள் அவருடைய அக்கா மெதுவாக. "பிள்ளை நிக்கிறா பாரு."

ஊரார் வீட்டுத் தரைகளுக்கெல்லாம் கல் பதித்து, மூட்டு தேய்ந்துபோன மனிதர் அவர். எத்தனையோ புது வீடுகளில் முதல் ஆளாக நடந்திருக்கிறார். வேலை முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் போட்ட தரையை அழுக்காக்காமல் வெளியேறியிருக்கிறார். தன் சாவியால் தன் கதவைத் திறப்பது இதுதான் முதல் தடவை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவள் இல்லை.

அவர் மனைவி ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். ரொட்டி வெட்டும் இயந்திரம் அவளுடைய வலது மோதிர விரல் நுனியைக் கொண்டுபோயிருந்தது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இந்த வீட்டின் படங்களைக் கைபேசியில் காட்டியபோது, சமையலறைச் சுவரில் பதித்திருந்த பழைய இரும்பு 'அவனை', அந்த ரொட்டி சுடும் அடுப்பை, பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எனக்கு இந்த அவன் போதும்," என்றாள்.

"எவன்?" என்றார் அவர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். அடுத்த மாதமே காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. இந்த வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவே இல்லை.

மகளுக்கு 'சில்லு' என்று பெயர் வைத்ததும் அவள்தான். டைல்ஸ் வெட்டும்போது தெறிக்கும் சில்லு போல அவ்வளவு சின்னதாகப் பிறந்த குழந்தை. அம்மா போனதிலிருந்து அது சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய் வாங்கும், பிறகு உதட்டை இறுக்கிக்கொள்ளும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"காத்தைக் குடிச்சா வளரும் பிள்ளை?" என்று புலம்பிவிட்டு, சாமான்களை இறக்கி வைத்த கையோடு அக்கா தன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சில்லு முன்னறையில் பாயிலேயே தூங்கிவிட்டாள். டைல்ஸ்காரர் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் ஈரமும் எலிப்புழுக்கை நாற்றமும் மூக்கை அடைத்தன.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ரொட்டி வேகும் வாசனை. மேல்தோல் பொன்னிறம் ஆகும்போது எழுமே, அது. மனைவி வேலை முடிந்து வரும்போது அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டு வரும் அதே வாசனை. அக்கம்பக்கத்தில் யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். வாசனை கூடியது.

சுவரில் பதித்த அடுப்பின் இரும்புக் கதவின் மேல் கை வைத்தார்.

சூடாக இருந்தது.

கேஸ் இணைப்பு இன்னும் கொடுக்கவே இல்லை.

வேறொருவராக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அவர் ஓடவில்லை. அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வழி கண்டுபிடிச்சு வந்துட்டியா?" என்றார், காதோடு பேசுவதுபோல.

மறுநாள் மைதா, ஈஸ்ட், வெண்ணெய் எல்லாம் வாங்கி வந்து மேடையில் வைத்தார். கேஸ் இணைப்பும் கொடுத்தாயிற்று. விடிந்ததும் போய்ப் பார்த்தால், பாத்திரத்தில் மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. துணியை விலக்கினார். வழவழவென்று உப்பி, தூங்கும் குழந்தையின் வயிறுபோல மெல்ல ஏறி இறங்கியது.

மனைவி செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் உருட்டி வைத்துச் சுட்டார். வாசனை பிடித்துக்கொண்டு சில்லு எழுந்து வந்தாள். ஒரு பன்னை எடுத்துப் பிய்த்துத் தின்றாள். இன்னொன்றும் கேட்டாள்.

"அம்மா பண்ணதாப்பா?"

"ஆமாம்டா," என்றார்.

அதன்பின் நாட்கள் ஓடிய விதமே வேறு. ஒவ்வொரு காலையும் மாவு தயாராக இருந்தது. சில்லுவின் கன்னத்தில் சதை பிடித்தது. அவரும் ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் அடுப்பிடம் சொல்வார்.

"இன்னிக்கு ஒரு வீட்டுல புருஷனுக்கு வெள்ளைக் கல் வேணுமாம், பொண்டாட்டிக்குக் கறுப்பு வேணுமாம். நடுவுல நான் சாம்பலாப் போயிட்டேன்."

மனைவியாக இருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அடுப்புக்குள்ளே ஏதோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது மட்டும் தெரிந்தது. அதற்கு அவர்மேல் கவனமே இல்லை. முன்னறையில் விளையாடும் பிள்ளையின் பக்கமே அது காதைத் திருப்பி வைத்திருப்பதுபோல அவருக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடம் விட்டதும் சில்லு பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் அந்த அம்மா அவரை வாசலில் நிறுத்தினார்.

"நீங்க தினமும் சீக்கிரமே வந்துடறீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"அப்பா கூப்பிடறாருன்னு சொல்லிட்டு பிள்ளை ஓடிடறாளே. உள்ளே பேச்சுச் சத்தமும் கேக்குது. அதான் நீங்கன்னு விட்டுட்டேன்."

அவர் வீட்டுக்குள் போனார். சில்லு கையில் பாதி பன்னுடன் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி வந்து, தன் தலையைத் துவட்டும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா உன்கிட்ட பேசறாங்களா?"

"ம்."

"என்ன பேசுவாங்க?"

"பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. முடி வெட்டிக்கணும்னு சொல்வாங்க." மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்பா, அம்மா என்னைத் தம்பி தம்பின்னே கூப்பிடறாங்க?"

அவர் கையிலிருந்த துண்டு நின்றது.

சமையலறைக்குள் ஒரு கரண்டி தானாக உருண்டு, ஓய்ந்தது.

விடியும் முன்பே எழுந்து துணியை விலக்கிப் பார்த்தார். யாரோ கடைசியாக ஒரு தட்டுத் தட்டி மூடியதுபோல, மாவின் மேல் ஒரு கை பதிந்திருந்தது. நீளமான விரல்கள். வலது கை. மோதிர விரலைத் தேடினார்.

ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. ஆஸ்பத்திரியில் அவள் முகத்தை மூடியபோதும், மண்ணைத் தள்ளியபோதும் வராத அழுகை அது. இத்தனை நாளும் அவர் தன் வேடிக்கைக் கதைகளையும் தன் தனிமையையும் கொட்டியது முன்பின் தெரியாத ஒருத்தியிடம். அவர் மனைவி வரவே இல்லை. அவளுக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியாது.

விடிந்ததும் அவர் போய்க் கேட்டபோது, தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவர் குரல் தணிந்திருந்தது.

"உங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. ஒரே பையன். சில்லு வயசுதான் இருக்கும். பள்ளிக்கூடம் போனவன் வீடு திரும்பலை. தேடாத இடமில்லை. செத்தான்னும் தெரியலை, இருக்கான்னும் தெரியலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மத்தியானம் ஆனா ரொட்டி சுட ஆரம்பிச்சிடுவாங்க. அவன் வர்ற நேரத்துக்குச் சூடா இருக்கணுமாம். தலை நரைச்சு, கண்ணு மங்கிப் போச்சு. அப்பவும் சுட்டாங்க. ஒருநாள் அடுப்பு முன்னாடியே விழுந்து கிடந்தாங்க."

அன்று வேலையில் மனம் ஓடவில்லை. கல்லை வைத்தால் கோணலாகப் போயிற்று. இன்றைக்குச் சில்லுவைக் கண்ணைவிட்டு அகல விடாதீர்கள் என்று தையல்காரம்மாவிடம் சொல்லித்தான் வந்திருந்தார். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானமே கருவிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். வானம் கறுத்து, பகலே அந்தி போல இருந்தது. தெருவுக்குள் திரும்பும்போது தையல்காரம்மா எதிரே ஓடி வந்தார்.

"ஊசியில நூல் கோக்கத் திரும்பினேன். அதுக்குள்ள..."

முன்கதவு திறந்து கிடந்தது. சமையலறைக் கதவு மூடியிருந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு. தோளால் இடித்தார். சுவரை இடித்ததுபோல இருந்தது. சுற்றிக்கொண்டு ஓடிச் சமையலறையின் பின்கதவைத் தள்ளினார். அதுவும் அசையவில்லை. திரும்ப ஓடி வந்தார். கதவிடுக்கு வழியாக அனல் அவர் பாதத்தில் அடித்தது. ஏதோ தீய்கிற நெடி.

உள்ளே கத்தரிக்கோலின் சத்தம்.

கறுக். கறுக்.

"வலிக்கலைம்மா," என்றது சில்லுவின் குரல், தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல.

அதற்குப் பதிலாக இன்னொரு குரல் கேட்டது. வயதான குரல். அதில் கோபமோ வஞ்சமோ இல்லை. அவ்வளவு அன்பு இருந்தது. அதுதான் அவர் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்தது.

"ஆட்டாதே தம்பி. இனிமே எங்கேயும் போகக் கூடாது. அம்மா விடமாட்டேன்."

அவர் இடிப்பதை நிறுத்தினார். கதவோடு நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றார். "அது உங்க பையன் இல்லம்மா. என் பொண்ணு."

கறுக்.

"உங்க பையன் வரமாட்டான்மா. இத்தனை காலம் ஆயிடுச்சு. இனிமே வரமாட்டான்."

கத்தரிக்கோல் நின்றது.

"என் பொண்டாட்டியும் வரமாட்டா." குரல் உடைந்தது. அந்த வார்த்தையை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. "செத்துட்டாம்மா. உங்களை அவதான்னு நினைச்சு நானும் ஏமாந்தேன். நீங்களும் என் பிள்ளையைப் பார்த்து ஏமாறாதீங்க. எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம். கொடுத்துடுங்க."

பிறகு உள்ளே ஒரு பெருமூச்சு எழுந்து, விம்மலாக மாறியது. பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோன்ற விம்மல். அது தேய்ந்து தேய்ந்து அடங்கியபோது, பாதத்தில் அடித்த அனல் தணிந்தது.

கதவு தானே திறந்துகொண்டது.

சில்லு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பின்னல் தரையில் கிடந்தது. அடுப்பு ஐஸ் கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. அவர் அவளை வாரி எடுத்தார். அவள் இரண்டு கைகளாலும் அவர் மார்பில் குத்தினாள்.

"ஏன் போகச் சொன்னே? நீ ஏன் அவங்களைப் போகச் சொன்னே?"

"அது அம்மா இல்லடா."

"அப்போ அம்மா எங்கே?"

அவர் சொன்னார். அக்கா சொன்ன மாதிரி சாமிகிட்ட போயிட்டா, தூங்கறா என்றெல்லாம் சொல்லாமல், உள்ளதைச் சொன்னார். அப்பனும் மகளும் மாவு சிந்திய அந்தத் தரையில் உட்கார்ந்து, மழை கொட்டி ஓயும் வரை அழுதார்கள்.

அக்கா கேள்விப்பட்டு ஓடி வந்தாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னாள். "அவ ஆசைப்பட்ட வீடுக்கா," என்று மட்டும் சொன்னார் அவர். பிறகு அவளும் வற்புறுத்தவில்லை.

காலையில் மாவு பிசைந்து வைப்பார் யாருமில்லை. வாசனையும் இல்லை. சில்லு மறுபடி உதட்டை இறுக்கிக்கொள்வாளோ என்று பயந்து, அவரே மாவில் கை வைத்தார். சிமெண்ட் குழைத்த கை. முதல் ரொட்டி தட்டில் விழுந்தபோது டங்கென்று சத்தம் கேட்டது.

சில்லு அதைத் தட்டிப் பார்த்தாள். "இதை வச்சு நம்ம வீட்டுத் தரையே போட்டுடலாம்பா."

அம்மா போனபின் அவள் செய்த முதல் வேடிக்கை அது. அவர் சிரித்த சிரிப்பில் பாதி அழுகை. இருவரும் அதைத் தண்ணீரில் நனைத்துத் தின்று தீர்த்தார்கள். அடுத்தது கொஞ்சம் மிருதுவாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். சில்லுவின் தலைமுடி தோள் வரை வளர்ந்தபோது, அவர் ரொட்டியும் ஒருவழியாக ரொட்டி மாதிரி ஆகியிருந்தது.

ஒரு விடுமுறை நாள். அன்றுதான் அது முதன்முறையாக நன்றாக உப்பி, மேலே லேசாக வெடித்து, பொன்னிறமாக வந்தது. ஆறட்டும் என்று சமையலறை மேடையில் வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தார். சில்லு அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு, தலையைப் பின்னிவிடச் சொன்னாள். வெயில் இதமாக இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

வீட்டுக்குள் பின்கதவு திறக்கும் ஓசை கேட்டது.

அவர் விரல்கள் பின்னலுக்குள் நின்றன.

சின்னச் சின்னக் காலடிகள். ஓடி வந்தவை. புத்தகப்பை போலக் கனமான ஏதோ ஒன்று தோளிலிருந்து நழுவித் தரையில் தொப்பென்று விழுந்தது.

சில்லு மெல்ல நிமிர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றது ஒரு சிறுவனின் குரல், மூச்சு வாங்க. "வந்துட்டேன்."

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. காலடிகள் அறைக்குள் இங்கும் அங்குமாக நடந்தன. அடுப்பின் இரும்புக் கதவு திறந்து மூடிக்கொண்டது. பிறகு எல்லாம் அடங்கி, வெகுதூரம் நடந்து களைத்த அந்தக் குரல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை சன்னமாக, கலக்கத்தோடு.

"அம்மா?"