இரண்டு ஜிபிக்கு மேல்

பிற்பகல் மூன்றரைக்குத் தம்பி மறுபடியும் அழைத்தான்.

"அண்ணா, வீடியோ அதே இடத்துலதான் நிக்குது. அப்பா தண்ணி கேக்கறாரு, அதோட சரி."

"ஃபைல் முழுசாத்தான் இருக்கு. அனுப்பறதுலதான் கோளாறு."

"உன் சர்வர் உன்ன மாதிரியேதான். பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிடுது."

அண்ணன் சிரித்தான். தன் சிரிப்பே அந்த வீட்டில் அந்நியமாகக் கேட்டது.

அப்பாவின் கடைசி இரவு அறைக் கேமராவில் பதிவாகியிருந்தது. விமானம் கிடைக்காமல் போன தம்பிக்கு அதையாவது முழுதாகப் பார்த்தாக வேண்டும். அனுப்புவது அண்ணன் தானே எழுதிய வெப் சர்வர், கேட்கிறவருக்கு இணையம் வழியே ஃபைலை அனுப்பும் புரோகிராம். அலுவலகக் கணினியில் ஒழுங்காக ஓடியது. வீட்டுக் கணினி வேறு ரகம். எவ்வளவு கொடுத்தாலும் ஒரே தடவையில் இரண்டு ஜிபிதான் அனுப்பும், பிறகு நின்றுவிடும். மிச்சம் உண்டா என்று அவனுடைய புரோகிராம் கேட்கவே இல்லை.

மிச்சம் பூஜ்யமாகும் வரை துண்டு துண்டாக அனுப்பும்படி அதை மாற்றினான்.

"வருதுண்ணா."

அவன் வீடியோவைத் திறக்கவில்லை. சமையலறைக் குளிர்பதனப் பெட்டி நடுங்கி அடங்குவதையும், அப்பாவின் மூடிய கதவுக்கடியிலிருந்து இன்னும் கசிகிற மருந்து வாடையையும் சகித்துக்கொண்டு, திரையில் மிச்சம் குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூஜ்யம்.

கடைசிப் பகுதிக்கு ஓட்டிப் பார்த்த தம்பி மூக்கை உறிஞ்சினான். "போயிட்டாரு. நீ போர்த்திவிடற. தூக்கிட்டுப் போறாங்க. நீ வந்து கேமராவக் கழட்டற."

"அவ்ளோதான்டா."

"இல்லண்ணா. இன்னும் ஓடுது. ரூம் தெரியுது. காலிக் கட்டில்."

கட்டிலைப் போன வாரமே கொடுத்தாகிவிட்டது.

திரையைப் பார்த்தான். மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சர்வரை நிறுத்தினான்.

"இப்ப?"

"வருது."

கேபிளைப் பிடுங்கினான். கணினியை அணைத்தான்.

"இப்ப?"

"வந்துட்டேதான் இருக்கு. அண்ணா... கட்டில்ல அப்பா."

"அணைச்சிடு."

"எந்திரிச்சு உக்காரறாரு."

மூடிய அறைக்குள் கட்டில் முனகியது.

அவன் அசையவில்லை. உள்ளே வெறுங்கால்கள். தரையில். மெதுவாக.

"அண்ணா, கதவுகிட்ட வந்துட்டாரு. நீ எந்த ரூம்ல இருக்க?"