கொடி எழும்பினால் கூப்பிடு

"அதை மட்டும் விடுங்கோ. மற்றதெல்லாத்தையும் கொண்டு போங்கோ."

"ஏன், இது மட்டும் என்ன பொன்னிலை செய்ததோ?"

"பொன்னெண்டால் கொண்டு போங்கோ எண்டு சொல்லியிருப்பன்."

கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. ஏவன்டேல் வாடகை வீட்டின் கராஜில், தூண்டில் தடிகளுக்கும் வாளிக்கும் நடுவில், ஒரு கம்பளித் துணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். துணியிலிருந்து மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாடை வந்தது. இந்த வீட்டில் மண்ணெண்ணெய் எரிப்பவர் யாருமில்லை.

உள்ளே இருந்தது எளிய சாமான். ஒரு சாணளவான இரண்டு மரச் சட்டங்கள் சிலுவைபோல மடிந்து விரியும். நடுவில் ஒரு தண்டு, அதன் அடியில் நூல் உருளை. மேலே மெல்லிய எஃகுத் தகடு, அதன் நுனியில் செம்மஞ்சள் நிறத்தில் சிறு கொடி. தகட்டை வளைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் கொடி படுத்துக் கிடக்கும். மீன் இழுத்து உருளை சுற்றினால் கொக்கி விலகும், கொடி நிமிர்ந்து நிற்கும். உறைந்த ஏரியில் துளையிட்டு அதன்மேல் வைப்பதற்காகச் செய்தது.

"இஞ்சை எங்கை ஐஸ் இருக்கு?" என்றாள் நிலானி.

"ஓட்டை இருந்தால் காணும், ஐஸ் தேவையில்லை."

அவள் கொஞ்ச நேரம் அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

"அப்ப நானும் வாறன்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவன் கூப்பிட்டும் வராதவள். இன்று அந்தப் பொட்டலத்துக்காக வருகிறாள். கேதீஸ்வரனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ புளித்தது.

அவர்கள் கல்யாணம் முடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. நிலானி கனடாவில் இருந்து வந்தவள். அங்கே முதல் கணவன் பிரணவன், ரொறன்ரோவுக்கு வடக்கே ஓர் ஏரியில், பனிக்கட்டி உடைந்து உள்ளே போனான். வசந்தம் வந்து ஏரி உருகிய பிறகும் உடல் கிடைக்கவில்லை. பனியின்மேல் நின்றுகொண்டிருந்த இந்தக் கொடியைத்தான் பொலிஸ்காரர் அவளிடம் கொடுத்தார்கள். இதே ஊரில், த்ரீ கிங்ஸில் இருந்த அவளுடைய அண்ணன் ஜெயரட்ணம் தங்கையைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலையில் வேலை செய்யும், முப்பத்தெட்டு வயதுவரை தனியாக இருந்த கேதீஸ்வரனைத் தங்கைக்கு மாப்பிள்ளையாகக் கேட்டவரும் அவர்தான். அவன் யோசிக்கவே இல்லை. அவளை முதன்முதலாகப் பார்த்த நாளிலேயே அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

உயிரோடு இருக்கிற ஒருவன்மேல் பொறாமைப்பட்டால் சண்டை பிடிக்கலாம். அவனுக்கு வழுக்கை விழுவதைப் பார்த்து ஆறுதல் அடையலாம். பிரணவனுக்கோ எல்லாம் இளமையோடு நின்றுவிட்டது. வீட்டில் அவனுடைய படம் ஒன்றும் கிடையாது. படம் இருந்திருந்தால் நல்லது என்று கேதீஸ்வரன் பல தடவை நினைத்திருக்கிறான். படத்துக்கு ஒரு மூலை போதும். படம் இல்லாதவன் வீடு முழுவதும் இருந்தான். இந்த நாட்டில் குளிர்காலம் ஆடியில்தான் வரும். ஆடி மாதக் காலையில், "என்ன குளிர்" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு அவன் குசினிக்குள் வந்தால், அவள் மெதுவாகச் சிரித்து, "இதெல்லாம் குளிரே?" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பில் வேறொருவனுடைய கனத்த கோட்டும் வேறொருவனுடைய மூச்சுப்புகையும் இருந்தன. அந்த மனிதனோடு சேர்ந்து அவள் அனுபவித்த குளிரின்மேல்கூட அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

அதனால்தான் இந்தச் சாமானை எடுத்தான். இதில் ஒரு கஹாவாய் மீன் பிடித்து, வெட்டி, குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டால், பிறகு இது வெறும் மரக்கட்டை.

மூலைக்கடையான டெய்ரியில் இரைக்கு உறைந்த சாளை மீன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, மனுக்காவ் கடலோரம் ப்ளொக்ஹவுஸ் பே தாண்டி அவனுக்குப் பழக்கமான கடலுக்குள் நீண்ட ஒரு பழைய மர ஜெட்டிக்குப் போனார்கள். பின்னேரம். தண்ணீர் நிறைந்து, அசைவில்லாமல், ஈயத்தகடுபோலக் கிடந்தது. ஜெட்டியின் நடுவில் கோதண்டராமன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு தவறாமல் வருவார்.

"வாங்க கேதீஸ். மேடத்தையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்லது. நான் இங்க வர்றதே வீட்ல சீதா வெங்காயம் நறுக்கச் சொல்லுவாளேன்னுதான்." அவர் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது, எலிப்பொறியா?"

"ஓம். கனடா எலிக்கு."

நிலானி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

ஜெட்டியின் கடைசியில் ஒரு பலகை உடைந்து, சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர். கேதீஸ்வரன் சட்டங்களை விரித்து ஓட்டையின்மேல் வைத்து, தகட்டை வளைத்தான். அது நழுவி அவன் விரலில் அடித்தது. மறுபடி வளைத்தான். மறுபடி அடித்தது.

"தாங்கோ," என்று அவள் முழங்காலில் இருந்தாள்.

அவளுடைய விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நூலை எவ்வளவு இறக்குவது, முள்ளில் சாளையை எந்தப் பக்கமாகக் குத்துவது, கொக்கியை எவ்வளவு மெல்லத் தொட்டு விடுவது. ரொட்டி தட்டும்போதும் அவனுடைய சட்டைப் பொத்தானைத் தைக்கும்போதும் இல்லாத ஓர் அவசரமின்மை அந்த விரல்களில் இருந்தது.

"அவர் பழக்கினவரோ?"

"ஓம்."

"நல்லாத்தான் பழக்கியிருக்கிறார்."

அவள் எழுந்து கைகளைக் கோட்டில் துடைத்தாள். "நான் கரையிலை இருக்கிறன். இதுக்குக் கிட்ட நிக்க மாட்டன்." கடற்கரைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கேதீஸ்வரன் கொஞ்சம் தள்ளி, தன் சொந்தத் தூண்டிலைப் போட்டான். கோதண்டராமன் கிரிக்கெட் பற்றி ஏதோ சொன்னார்.

டக்.

திரும்பினான். செம்மஞ்சள் கொடி நிமிர்ந்து நின்றது.

காற்று இல்லை. கொடி மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் போய்க் குனிந்தபோது உருளை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. நூலை இழுத்தான். கனமே இல்லை. முள்ளில் சாளை அப்படியே இருந்தது. கடிபடவில்லை. ஆனால் வாளித் தண்ணீரில் உருகி நைந்துபோயிருந்த அந்த மீன் இப்போது கல்லாக உறைந்திருந்தது. தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டது.

சரியாக உருகவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டான். கொக்கியை மாட்டினான். இந்தத் தடவை தகடு அவனுக்குப் பணிந்தது.

வாயிலிருந்து வரும் மூச்சுப்புகைபோலக் கடலிலிருந்து மூடுபனி வந்தது. முதலில் எதிர்க்கரை போனது. பிறகு நங்கூரமிட்டிருந்த படகுகள். கோதண்டராமன் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்.

"நான் கிளம்புறேன் சார். இந்தப் பனியில கார் ஓட்டப் பயம். நீங்களும் கிளம்புங்க. உங்க கூட வந்தவரு பாவம், இடுப்பு வரைக்கும் நனைஞ்சு நிக்கிறாரு. ஜுரம் வந்துரும்."

"ஆர்?"

"மேடத்துக்குப் பின்னாடி நிக்கிறாரே. தம்பியா?"

கேதீஸ்வரன் கரையைப் பார்த்தான். நிலானி படிக்கட்டில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் படிகளும் ஈரப் புல்லும் மட்டும்.

கோதண்டராமனும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"போயிட்டாரு போல," என்றார். பிறகு நடந்தார். கரைக்குப் போனதும் படிக்கட்டில் ஏறவில்லை. மணலோடு சுற்றிக்கொண்டு, புதருக்குள் இருந்த சரிவில் ஏறிப் போனார்.

கேதீஸ்வரன் அவளிடம் வந்தான். படிக்கட்டில் அந்த மண்ணெண்ணெய் வாடை நின்றது. பொட்டலத் துணியோ ஜெட்டியின் கடைசியில் கிடந்தது.

"உமக்குப் பின்னாலை ஆரோ நிண்டவராம்."

அவள் திரும்பவில்லை.

"நான் திரும்பிப் பார்க்கேல்லை," என்றாள் மிக மெதுவாக. "நீங்களும் பார்க்காதையுங்கோ. எடுத்துக் கட்டிக்கொண்டு வாங்கோ, வீட்டை போவம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பயந்தவளின் முகம் இல்லை அது. பஸ் வரும் திசையைப் பார்க்காமலே பஸ் வருவதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பவளின் முகம். கேதீஸ்வரனுக்குப் பயம் வரவேண்டிய இடத்தில் அந்தப் புளிப்புத்தான் வந்தது.

"அண்டைக்கு என்ன நடந்தது? ஒரு நாளும் நீர் சொல்லேல்லை."

"இப்ப ஏன்?"

"சொல்லும்."

அவள் கடலைப் பார்த்தே சொன்னாள். அவள் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு இருந்தாளாம். பிரணவன் கிட்டத் துளையில் குனிந்து நின்றானாம். தூரத்துத் துளையில் கொடி எழும்பியதை அவன் காணவில்லை. அவள்தான் கண்டாள். கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள். அவன் திரும்பி, சிரித்து, கையைக் காட்டிவிட்டு ஓடினான்.

"நான் கூப்பிடாட்டில் அவர் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்."

"என்னெண்டு கூப்பிட்டனீர்?"

"எப்பிடிக் கூப்பிடுறது? இஞ்சாருங்கோ எண்டுதான்."

அவனையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இஞ்சாருங்கோ, தேத்தண்ணி. இஞ்சாருங்கோ, ரெலிபோன். கணவனின் பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவள்; அவனுடைய தாயும் அப்படித்தான், ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த ஒரு சொல்லாவது தனக்கென்று அவள் எடுத்து வைத்தது என்று எப்படியோ நம்பியிருந்தான். அதுவும் பிரணவனுடைய பழைய கோட்டுத்தான்.

"அப்ப இண்டைக்கும் கூப்பிடும்," என்றான். "நான் அந்தத் தொங்கலிலை நிக்கிறன். கொடி எழும்பினால் கூப்பிடும். அவரைக் கூப்பிட்ட மாதிரியே."

"வேண்டாம்."

"ஏன்? எனக்கு அந்தக் குரல் இல்லையோ?"

"அதில்லை." அவள் முதன்முறையாக அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள். "கூப்பிட்டால் ஆர் வருவினம் எண்டு எனக்குத் தெரியாது."

அவன் கையை இழுத்துக்கொண்டு ஜெட்டியில் ஏறினான்.

பாதி தூரம் போனதும் திரும்பிப் பார்த்தான். கரை இல்லை. வெள்ளை மட்டும். முன்னால் கொஞ்சம் பலகை, காலுக்கடியில் தண்ணீரின் கறுப்பு. தூணில் சாய்ந்து நின்றான். மூடுபனி நெற்றியில் படிந்து வழிந்தது.

அப்போது அடியில் ஒரு சத்தம் கேட்டது.

மிக நீளமான கம்பி ஒன்றை யாரோ இழுத்துச் சுண்டிவிட்டதுபோல. அது தூரத்தில் தொடங்கி, ஜெட்டிக்குக் கீழே ஓடி, கரைப்பக்கம் போய் அடங்கியது. உப்புத் தண்ணீரும் சேறும் உள்ள இடத்தில் அப்படி ஒரு சத்தம் எழும்ப வழியில்லை. பனிக்கட்டி இறுகும்போது எழும் சத்தம் அது. அவன் அதைக் கேட்டதே இல்லை. கேட்டதும் தெரிந்தது.

டக்.

கொடியை அவனால் பார்க்க முடியவில்லை. கரையில் இருந்தவளாலும் முடிந்திருக்காது.

"இஞ்சாருங்கோ... கொடி!"

நிலானியின் குரல்தான். ஆனால் அவன் அறியாத குரல். இளமையாக, சிரிப்பு முட்டிக்கொண்டு, கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிடுகிற குரல். ஒரு கணம் கேதீஸ்வரனுக்கு வேறெதுவும் தேவையாக இருக்கவில்லை. அந்தக் குரலுக்காக அவன் ஓடினான். சிரித்துக்கொண்டே ஓடினான்.

ஜெட்டியின் கடைசித் தொங்கலில் பலகைகள் வெண்மையாக இருந்தன. சப்பாத்துக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. ஓட்டையின் விளிம்பு முழுவதும் பனிக்கட்டி. கீழே தண்ணீர் தெரியவில்லை. பால்நிறத்தில் ஒரு தட்டு மூடியிருந்தது, அதன் நடுவில் நூல் இறங்கிய இடத்தில் ஊசித்துளை. கொடி அசையாமல் நின்றது.

அவன் நூலைப் பிடித்தான். அது தளர்ந்து கிடந்தது. மறுமுனையில் ஒருவருமில்லாத நூல்.

பிறகு பின்னால் காலடிகள் கேட்டன.

கரைப்பக்கமிருந்து வந்தன. கனத்த பூட்ஸ், ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் பிழிந்து சொட்டும் சத்தம். அதோடு சேர்ந்து, அதற்கு ஒத்து நடக்கும் மெல்லிய காலடி. அந்த மெல்லிய காலடியை அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் குசினிக்குள் கேட்பது.

"ஓட வேண்டாம்," என்றாள் நிலானி, மூடுபனிக்குள், தாழ்ந்த குரலில், செல்லமாக. "மெல்ல நடவுங்கோ. கூப்பிட்ட உடனை வந்திட்டீங்கள், நான் பயந்தே போனன். இஞ்சாருங்கோ, உங்கடை கை ஏன் இப்பிடிக் குளிருது?"

கேதீஸ்வரன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். இரண்டிலும் நூல் இருந்தது.

கத்தியை எடுத்து நூலை அறுத்தான். கொடியை உள்ளங்கையால் அழுத்திப் பலகையோடு படுக்க வைத்தான். காலடிகள் நிற்கவில்லை. அவை ஓட்டையை நோக்கித்தான் வந்தன. அவனுடைய கைக்குக் கீழே, நூலில்லாத அந்தக் கொடி, ஒரு விரல் எழும்புவதுபோல மெல்ல, பலமாக, எழும்பத் தொடங்கியது.

"நிலானி," என்றான். "நான் இஞ்சை நிக்கிறன். உம்மடை கையைப் பிடிச்சிருக்கிறது நான் இல்லை."

காலடிகள் நின்றன. பிழியும் தண்ணீர் மட்டும் சொட்டியது.

"விடும் அந்தக் கையை. ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடும்."