கல்லை விடாத கடற்சாமந்தி

காலை நீரேற்ற மணி அடித்ததும் வழக்கம்போல வீட்டுக்கடல் தொட்டியில் நீர் ஒரு சாண் உயர்ந்தது. ஜெசிந்தா மெல்லிய கையுறை போட்ட கைகளை முழங்கை வரை உள்ளே விட்டபடி நின்றிருந்தாள். மற்ற நாட்களில் இந்நேரம், பூப்போல விரியும் பிராணியான கடற்சாமந்திக்கு ஓர் இறால் துண்டைக் கொடுத்துவிட்டு, தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தேநீர் போடப் போயிருப்பாள். இன்று அது கல்லை விட்டாக வேண்டும். மாலை வண்டி வருவதற்குள்.

அது விடுவதாக இல்லை.

விரல் நுனியால், அது கல்லைப் பற்றியிருந்த பாதத்தின் ஓரத்தை நெருடிப் பார்த்தாள். சாமந்தி இதழ்களையெல்லாம் உள்ளிழுத்து ஒரு தக்காளி அளவுக்குச் சுருங்கி, கல்லின் குழிக்குள் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டது. பழைய ரேஷன் அட்டையைப் பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே நுழைத்தாள். அட்டை வளைந்ததுதான் மிச்சம். கல்லின் பின்புறத்தில் ஐஸ் கட்டி வைத்து அழுத்தினாள். அவளுடைய கைதான் மரத்துப்போனது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றாள்.

இனி வெளிக்கடலில் உயிர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடல்நீர் சூடேறத் தொடங்கிய காலத்தில், மிஞ்சியதை வீட்டுக்கு ஓர் உயிராகத் தூத்துக்குடிக்காரர்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது கரையையே கைவிடுகிறார்கள். உயிர்கள் கோவில்பட்டிக் காப்பகத்துக்குப் போகும். வளர்த்த குடும்பத்துக்கு அங்கே ஒரு வீடு. கல் மட்டும் வரக் கூடாது. கடல் இன்னும் உள்ளே போகாமல் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் போதவில்லை என்பதால் நகரத்தின் ஒவ்வொரு கல்லும் அங்கே போக வேண்டும். பாதம் கிழிந்தால் சாமந்தி அழுகிச் சாகும். வீடும் கிடையாது.

முன்பெல்லாம் இவ்வளவு பாடு இல்லையாம். விடாத உயிரைச் சுற்றிக் கல்லை உடைத்து, கல் துண்டோடு கொண்டுபோய்விடுவார்களாம்.

இடப்பெயர்ச்சித் துறையிலிருந்து வந்த பொன்மாரி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்தவள்.

"நீதான் ஒரு கை பிடியேன்மா," என்றாள் ஜெசிந்தா.

"நாங்க தொடக் கூடாதுக்கா. எதையும் வலிஞ்சு இழுக்கக் கூடாதுன்னு சட்டம். விளக்க அணைச்சிட்டு, தண்ணியத் தள்ளுற ஓட்டப்பொறியத் திருப்பி, தண்ணி நேரா அதுமேல அடிக்கிற மாதிரி வைங்க. இருக்கிற இடம் பிடிக்காமப் போச்சுன்னா தானா விட்டுரும். பெரும்பாலும்."

ஜெசிந்தா விளக்கை அணைத்தாள். பொறியின் வாயைச் சாமந்தியின் பக்கம் திருப்பிவிட்டு, பாத்திரங்களைக் கட்டப் போனாள். திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொறி பழையபடி சுவரைப் பார்த்திருந்தது. சாமந்தி மகாராணிபோல விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். அரிசிப் பானையை மூடிவிட்டு வந்தால் மறுபடி விளக்கு.

மூன்றாம் முறை கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். அவளுடைய கணவன் லாம்பர்ட் உள்ளறையிலிருந்து பூனைபோல வந்து தொட்டிக்குள் கைவிட்டான்.

"நல்லா இருக்கு ஒங்க வேல," என்றாள். "காலையிலேருந்து கை வெறைக்க நின்னுக்கிட்டிருக்கேன். நான் என்ன பைத்தியமா?"

அவன் கையை எடுக்கவில்லை. "அது இங்கேயே இருந்தா நீயும் போவமாட்டல்ல, ஏட்டி."

"இங்க இருந்து என்ன செய்ய? கடல் வாசல் முத்தத்துக்கு வந்தாச்சு."

"வரட்டும். நமக்குத் தெரியாத கடலா?"

"தெரிஞ்ச கடல் செத்துப்போச்சு. இது வேற."

லாம்பர்ட் கல்லைத் தடவினான். பவளப்பார் முழுக்க வெளுத்துப்போவதற்கு முன், கடலில் கடைசியாக முங்கியபோது அவன் மார்போடு அணைத்துத் தூக்கிவந்த கல் அது. "இதத் தூண்டில் வளைவுல கொட்டணுமாம்," என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டான்.

ஜெசிந்தா மறுபடி விளக்கை அணைத்து, பொறியைத் திருப்பினாள்; அதன் பிறகு தொட்டியை விட்டு நகரவில்லை. இருட்டும் மேலே அடிக்கும் நீரும் தாங்காமல் மத்தியானத்துக்கு மேல் சாமந்தியின் பாதம் ஓர் ஓரத்தில் எழும்பியது. அவள் உள்ளங்கையை அடியில் ஏந்தினாள். மெல்ல, மிக மெல்ல, குழியிலிருந்து நழுவி அதில் வந்து விழுந்தது. பொன்மாரி குனிந்து பார்த்தாள். "கிழிசல் இல்லக்கா. முழுசா இருக்கு." நீர் நிரப்பிய பையில் அதை விட்டுக் கட்டினார்கள்.

"அண்ணன்?" என்றாள் பொன்மாரி.

"வரமாட்டாராம்."

"நீங்க மொதல்ல ஏறுங்க. வீட்டுல ஆள் இல்லன்னா தானா வந்துருவாங்க. பெரும்பாலும்."

ஜெசிந்தா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். போன வருடம் இந்தத் தெருவுக்குப் பேருந்தை நிறுத்தினார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தை, ரேஷன் கடையை, குழாய்த் தண்ணீரை. யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. லாம்பர்டுக்கு இன்னும் நிறுத்தப்படாமல் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்.

"நீ சாமந்தியச் சொல்லுதியா, அவரச் சொல்லுதியா?"

"ரெண்டுக்கும் ஒரே பயிற்சிதான்க்கா," என்றாள் பொன்மாரி. அவள் குரலில் கேலி இல்லை.

இருந்தும் மாலை வண்டி வந்ததும் ஜெசிந்தா ஏறினாள். மடியில் பை. உள்ளே சாமந்தி சுருண்டு, வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பிடி கிடைக்காமல் பாதத்தால் துழாவிக்கொண்டிருந்தது. அவள் வெளியிலிருந்து உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்தது. மெதுவாகப் போக வேண்டும் என்பதும் பயிற்சியில் இருந்திருக்கும்.

தெருமுனை திரும்பும்போது ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பின்னால் லாம்பர்ட் ஓடிவந்துகொண்டிருந்தான். மூச்சிரைத்தது. சட்டை முழுக்க உப்புநீர். இரண்டு கைகளாலும் கல்லை மார்போடு அணைத்திருந்தான்.

பொன்மாரி இறங்கி அவன் முன்னால் நின்றாள். "அண்ணே, கல்லு வரக் கூடாதுண்ணே. அத இங்க வச்சிட்டு ஏறுங்க."

அவன் அசையவில்லை. அவனுடைய விரல்கள் காலையில் சாமந்தி இருந்த குழிக்குள் இறுகியிருந்தன. பொன்மாரி சட்டத்தை மறந்து கல்லை வாங்கக் கை நீட்டினாள்.

"இழுக்காத," என்றாள் ஜெசிந்தா. "கிழிஞ்சிரும்."

பையை இடுப்போடு ஒதுக்கிக்கொண்டு, தன் பக்கத்தில் அவனுக்கும் கல்லுக்கும் சேர்த்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.