டிக்... டிக்... திருச்சுழி ரோடு!

வெள்ளத்துரை செத்த பிறகும் அவருடைய கார் சாகவில்லை.

திருச்சுழி ரோட்டில், ஒற்றைப் புளியமரத்தடியில், நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளி அள்ளி அதன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நான்கு கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன.

டிரைவர் சவரியப்பன் ஒரு மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுமந்து வந்தான்.

“முதலாளி... தண்ணி கொண்டாந்துட்டேன்.”

பதில் இல்லை.

கதவைத் திறந்தான். முதலாளி ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தொட்டான்.

தூக்கமில்லை.

உடம்பில் ஒரு கீறல் கிடையாது. காரிலும் கிடையாது. சீட்டில் மட்டும் பதநீர் குடித்துக் காலியான பனையோலைப் பட்டை ஒன்று கிடந்தது. வழியில் சவரியப்பன் வாங்கிக் கொடுத்தது.

1948-ஆம் வருஷத்து அருப்புக்கோட்டைப் போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை, மதார் மைதீனின் பட்டறை வாசலில் எலிசபெத் வந்து நின்றாள். சவரியப்பனின் மனைவி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“பாய் அண்ணே... அவுகளைத் தூக்குல போட்டுருவாகளாம்.”

மதார் மைதீனுக்கு ஐம்பது வயசு. சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி முனகினாலும் அவரிடம்தான் வரும். நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜினில் ஊன்றுவார். பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். எங்கே நோய் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதின் மேல் அவருக்கு அபாரமான கர்வம்.

“ஒக்காரு தங்கச்சி. பதநீர்ல என்ன கலந்தாகளாம்?”

“ஒண்ணும் கலக்கலண்ணே. மொதலாளி மிச்சம் வச்சதை அவுகளும் குடிச்சிருக்காக. சொன்னா யாரு நம்புறா? ஏற்கெனவே ஜெயிலுக்குப் போன ஆளுதானேங்காக.”

அதுவும் உண்மைதான். போன வருஷம் பாலவனத்தம் விலக்கில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணை இதே கார் அடித்துப் போட்டது. சவரியப்பன் ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

“செத்தவரு மொகம் எப்பிடி இருந்துச்சாம்?”

“ஒதடெல்லாம் செவந்து கெடந்துச்சாம்... வெத்தில போட்ட கணக்கா. நகமும் அப்பிடித்தான். அதான் டாக்டரு விஷம்ங்காரு.”

மதார் மைதீன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் எல்லாம் கரி வாயுவில் ஓடினவே... அப்போது, கரி அடுப்புப் பக்கத்தில் படுத்துத் தூங்கியபடியே செத்துப்போன ஒரு கிளீனரை அவரே தூக்கி இறக்கியிருக்கிறார். அவனுக்கும் இதே சிவப்பு உதடு. இதே சிவப்பு நகம்.

“அவருக்குத் தலைவலி ஏதும் இருந்துச்சா?”

“ஒரு வாரமா மண்டை வலிக்குதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாராம்... ஏண்ணே?”

அவர் கண் பட்டறை வாசலுக்குப் போனது.

பத்து நாளைக்கு முன்னால் அந்தக் கார் இதே வாசலில் நின்றது. வேக வெறி பிடித்த மனுஷர் வெள்ளத்துரை. பட்டாளத்தார் ஏலம் போட்ட எட்டு சிலிண்டர் இன்ஜினை வாங்கி, பழைய காரின் வயிற்றில் திணித்து, இரண்டு கார்புரேட்டர் மாட்டி, சைலன்சரைக் கழற்றி எறிந்து, மதுரைக்கு முக்கால் மணி நேரத்தில் பறந்தவர்.

அன்று அதில் ஒரு சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக்... குளிர்ந்திருக்கும்போது கேட்டது. சூடானதும் நின்றது.

மதார் மைதீன் திருப்புளியை வைத்துக் கேட்டார். இரும்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“டாப்பெட்டு சத்தந்தான். ஒண்ணும் செய்யாது. தைரியமா ஓட்டுங்க.”

சொன்னவர் அவர். ஓட்டியவர் செத்துவிட்டார். பழி சவரியப்பன் கழுத்தில் தொங்குகிறது!

“எந்திரி தங்கச்சி. ஸ்டேசனுக்குப் போறேன். அந்தக் காரு வாயைத் தொறந்து பேசாம நான் திரும்ப மாட்டேன்.”

சப்-இன்ஸ்பெக்டர் சுவாமிதாஸ் முதலில் சிரித்தார்.

இந்த ஊருக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. வெள்ளத்துரை அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அந்தக் கார் ஸ்டேஷன் வண்டிக் கொட்டடியில்தான் நிற்கும். இப்போதும் அங்கேதான் நின்றது. வழக்கு முடிகிற வரை.

“இன்ஜின் சத்தம் கேட்டுச்சாம், அதனால ஆளு செத்தாராம். கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்க பாய்.”

“சிரிக்கட்டும் ஐயா. நாளைக் காலையில, இன்ஜின் குளிர்ந்து கெடக்கையில, ஒருவாட்டி கேட்டுப் பாக்குறேன். தப்புன்னா நானே டாக்டரு சொன்னதை ஒத்துக்கிட்டுப் போயிறேன்.”

சுவாமிதாஸ் யோசித்தார். சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி.

கொட்டடியில் கூட்டம் சின்னதுதான். சுவாமிதாஸ். காவலுக்குத் துப்பாக்கியோடு கான்ஸ்டபிள் இருளாண்டி. காரைக் கேட்டு வந்திருந்த நல்லமுத்து. செத்தவரின் தம்பி. பஞ்சு மில்லிலிருந்து நேராக வந்திருந்ததால் சட்டையெல்லாம் பஞ்சு. லாக்-அப் கம்பிக்குப் பின்னால் சவரியப்பனின் முகம்.

“பாய், மொதல்ல காப்பி குடிங்க” என்றான் இருளாண்டி. மரியாதை தெரிந்தவன்.

“வேலை முடியட்டும் தம்பி.”

மதார் மைதீன் இன்ஜினைக் கிளப்பினார். உறுமியது. காது கொடுத்தார்.

டிக்... இல்லை.

இன்னும் குனிந்தார்.

இல்லவே இல்லை.

“என்ன பாய், காரு பேசுதா?” சுவாமிதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

கம்பிக்குப் பின்னாலிருந்து சவரியப்பன் கத்தினான். “பாய்! கடைசி நாலஞ்சு நாளு அந்தச் சத்தம் கூடிப்போச்சு. சூடானாலும் நிக்கல. சொன்னேன். மொதலாளி சிரிச்சாரு. ‘பாய் சொல்லிட்டாருல்ல, டாப்பெட்டுதான், ஓட்டு’ன்னாரு.”

மதார் மைதீன் காரைப் பிடித்துக்கொண்டார். இன்ஜினை அணைத்தார்.

“ஐயா... பத்து நாளா இருந்த சத்தம் போலீஸ் ஸ்டேசனுக்கு வந்து தானாக் கொணமாகாது. எவனோ வைத்தியம் பாத்திருக்கான்.”

“என்ன சொல்றீரு?”

அவர் இன்ஜினுக்குள் குனிந்தார். புகைக்குழாய் இன்ஜினோடு சேருகிற மூட்டு. அதன் ஓரமாக, கறுப்பாக, நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

கோடு நகர்ந்தது.

எறும்பு!

கிரீசுக்கும் பெட்ரோலுக்கும் எறும்புக்கும் என்ன உறவு? விரலால் மூட்டைத் தடவினார். பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது. நாக்கில் வைத்தார்.

இனித்தது. பிறகு சுண்ணாம்புக் காரம் நாக்கைச் சுட்டது.

“கருப்பட்டிப் பாகும் சுண்ணாம்பும் ஐயா. இன்னும் ஈரம் காயல.”

கத்தியால் அதைச் சுரண்டி எடுத்தார். உள்ளே மூட்டின் மூன்று போல்ட்டுகள் தளர்ந்து கிடந்தன. டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கும் தகரத்தில் ஒரு கை நுழைகிற ஓட்டை. பெரிய இன்ஜினைத் திணித்தபோது வெட்டியது. அதை மூடியிருந்த தோலைக் காணோம். அங்கேயும் கருப்பட்டிப் பூச்சு. அதையும் பெயர்த்தார்.

மறுபடி கிளப்பினார்.

டிக்! டிக்! டிக்! டிக்!

சவரியப்பன் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

மதார் மைதீன், நல்லமுத்துவின் தோளிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்தார். மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் பஞ்சு துள்ளியது.

“பாத்தீகளா? இரும்பு தட்டுற சத்தமில்ல இது. பொகை பீச்சுற சத்தம். திருப்புளிக்கு இரும்பு பேசுறதுதான் கேக்கும் ஐயா. காத்து பேசுறது கேக்காது. அன்னைக்கு ஒரு ரப்பர் குழாயைக் காதுல வச்சிருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேன். நான் வைக்கல.”

பஞ்சைப் போட்டுவிட்டு, தகரத்து ஓட்டையைக் காட்டினார்.

“இந்த இன்ஜினைச் சூட்டோட அணைச்சா மறுபடி கிளம்பாது. அதனால நிறுத்துனாலும் அணைக்க மாட்டாரு. வெளிய புழுதி. கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு. பெட்ரோல் வாடை அவருக்குப் பழகிப்போச்சு. பொகை இந்த ஓட்டை வழியா உள்ள வந்துருக்கு. அதுல இருக்குற கரி வாயுதான் கொன்னுருக்கு. டிரைவர் தண்ணிக்குப் போனான், பிழைச்சான். பதநீர் பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

சுவாமிதாஸின் முகத்தில் சிரிப்பு போய் வெகு நேரமாகியிருந்தது.

“இந்தப் பூச்சு... யாரு வேலை?”

“பெட்ரோல் காரு பாக்குறவன் எவனும் இதை வைக்க மாட்டான். ரெண்டு மணி நேரச் சூட்டுல பொடிப்பொடியா உதிர்ந்துரும். சண்டைக் காலத்துல கரி பஸ்சுக்காரங்கதான் வாயு ஒழுகுற எடத்துல இதை அப்புவாங்க. கைப்பழக்கம். அவசரத்துல பழகின கை பழகினதைத்தான் செய்யும்.”

சுவாமிதாஸ் மெதுவாகத் திரும்பினார். நல்லமுத்துவின் பக்கம்.

“சண்டைக் காலத்துல நீங்கதானே கரி பஸ் விட்டீங்க? அண்ணன் போனா மில்லும் உங்களுக்குத்தானே?”

நல்லமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. “பஸ்சு விட்டேன்... கரி தொட்டதில்லைங்க! கல்லாப்பெட்டியில உக்காந்திருந்தேன். சத்தியமா...”

“இருளாண்டி! இவரைப் பிடி.”

“அவசரப்படாதீக ஐயா” என்றார் மதார் மைதீன். “பாகு இன்னும் ஈரமா இருக்கு. விடியிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பூசினது. இவரு இப்பத்தான் கேட்டுக்குள்ள வாராரு.”

“அப்ப வேற யாரு?”

“தெரியாது. ஆனா தெரிஞ்சவங்க இருக்காங்க.”

அவர் தரையைக் காட்டினார்.

டயரிலிருந்து எறும்பு வரிசை இறங்கியது. பாகு சிந்திய தடம் பார்த்து, கொட்டடியைக் குறுக்கே கடந்து, நல்லமுத்துவின் செருப்பைச் சுற்றிக்கொண்டு, தாழ்வாரப் படியேறி, காவல் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது.

அங்கே ஒரு தூக்குவாளி.

வாளி முழுக்க எறும்பு.

அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தவன், நேற்று ராத்திரி முழுக்கக் காருக்குக் காவல் இருந்தவன்... சனிக்கிழமை தோறும் சீட்டுக் கச்சேரி முடிகிற வரை காருக்குக் காவல் இருந்தவன்...

கான்ஸ்டபிள் இருளாண்டி!

யாரும் அசையவில்லை. அவன் கையில் துப்பாக்கி இருந்தது.

இருளாண்டி அதைப் பதனமாகச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“போலீசுல சேருறதுக்கு முன்னாடி ராசபாளையத்துல கரி பஸ்சுல அடுப்பு தள்ளினேன் ஐயா. பாய் சொன்னது சரிதான். கைப்பழக்கம்.”

“ஏன்டா?” சுவாமிதாஸ் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பாலவனத்தம் விலக்குல செத்தது எம் பொண்டாட்டி.”

நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

“பித்தளைக் கொடம் ஐயா. நசுங்கிக் கெடந்துச்சு. கொடத்தை அடையாளம் வச்சுத்தான் அவளைக் கண்டுபிடிச்சேன். ஓட்டினது மொதலாளின்னு ஊரே பாத்துச்சு. ‘நான்தான் ஓட்டினேன்’னு கோர்ட்டுல நின்னவன் இவன்.” லாக்-அப்பைக் காட்டினான். “தலையைத் தூக்கி என்னைய ஒருதரங்கூடப் பாக்கல. இங்க ரெண்டு மாசமா இவன் கொண்டாந்து நிறுத்துற காருக்கு நாந்தான் காவல் நிக்கிறேன். இந்த ரெண்டு நாளாவும் நாந்தான் கஞ்சி ஊத்தினேன். இவனுக்கு மூஞ்சி தெரியல.”

சவரியப்பன் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

“நான் ஓட்டல” என்றான். “மொதலாளிதான் ஓட்டினாரு. சொல்லச் சொன்னாரு... சொன்னேன்.”

“மாறுதல் கேட்டு நானாத்தான் இங்க வந்தேன். ஒரு சனிக்கிழமை ஒரு போல்ட்டு. அதுக்கு வெறும் தலைவலிதான் வந்துச்சு. அடுத்த சனிக்கிழமை இன்னும் ரெண்டு, ஓட்டையை மூடியிருந்த தோலும். கொன்னவரு காருலயே போகணும், பொய் சொன்னவன் கயித்துல போகணும். முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு.” மதார் மைதீனைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. “நீங்க வாரீகன்னு ஐயா நேத்துச் சொன்னாரு. அதான் அவசரமாப் பூசினேன். பூசாம விட்டிருக்கணும்.”

மதார் மைதீனுக்கு ஜெயித்தது போல் இல்லை. ஒருவன் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து இன்னொருவன் கழுத்தில் மாட்டியிருக்கிறார். ஆறிப்போன காப்பி பெஞ்சின் மேல் அப்படியே இருந்தது. அதிலும் எறும்பு.

இருளாண்டி தானே நடந்து போய் லாக்-அப் கதவைத் திறந்தான். சவரியப்பன் வெளியே வந்தான். இருளாண்டி உள்ளே போனான். இரண்டு பேரும் அப்போதுதான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுவாமிதாஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“நம்ம காவல்லயே, நம்ம கொட்டடியிலயே... கோர்ட்டுல யாரைப் பாய் சாட்சியா நிறுத்துறது?”

மதார் மைதீன் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“எறும்பை நிறுத்துங்க ஐயா. இந்த ஸ்டேசன்ல வரிசை தப்பாம வேலை பாத்தது அதுக மட்டுந்தான்.”