பிரேக்கை மிதிக்காதே!

எதிர்முனையில் மணி அடித்தது... அடித்தது... எடுத்தார்கள்!

ஓடும் காரில் கிருபைராஜ் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். குரல் மாற வேண்டுமே!

"வக்கீல் ஸ்வாமிநாதன் எங்க பிடியில இருக்காரு. பத்து லட்சம்! போலீசுக்கு மட்டும் சொன்னீங்க..."

"ஸ்வாமிநாதன்தான் பேசறேன்."

கிருபைராஜ் மூக்கை விட்டான்.

"ஆத்துல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டுண்டிருக்கேன். யாருடா நீ?"

"அப்ப... ஒங்க காருல இருந்தது?"

"எலக்ட்ரீஷியன் ரசீத். ஃப்யூஸ் ஏன் போறதுன்னு ஓட்டிப் பாக்க எடுத்துண்டு போனான். ஐயையோ, கார் உங்கிட்டயா இருக்கு? பிரேக்கை மட்டும் மிதிச்சுடாதே!"

சாலையின் குறுக்கே ஓர் ஆடு வந்தது.

ஓட்டிக்கொண்டிருந்த மாடக்கண்ணு பிரேக்கை மிதித்தான்.

டப்!

அந்தப் பழைய வெள்ளைக் கார் ஒரு முனகலோடு உயிரை விட்டது. அம்பாசமுத்திரம் சாலை. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கால்வாய். டிக்கியில் கட்டிப் போட்ட ஆள்...

தப்பான ஆள்!

"அண்ணே, காரப் பாத்தீயளே... ஆளப் பாக்கலியா?"

"வாய மூடுலே! நம்ம மூஞ்சிய அவன் பாத்துட்டான். ஆள் இல்லாத எடமாப் போயி கால்வாயில தள்ளிருவோம். மொதல்ல வண்டி கெளம்பணும்."

"வெள்ளித்தாளு சுத்துனாப் போதும்லே!" கிருபைராஜ் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைக் கிழித்து, எரிந்த ஃப்யூஸில் சுற்றிச் சொருகினான்.

புகை வந்தது!

டிக்கி அலறியது.

"வெள்ளித்தாளா சுத்துதீரு? வயரு பத்துனா நானும்லாவே சேந்து எரிவேன்!"

"ஒனக்குச் சரி பண்ணத் தெரியுமாலே?"

"அதுக்குத்தானே இந்த வண்டியில உக்காந்திருந்தேன்! நீருதான் மூட்டையாக் கட்டி உள்ள போட்டுட்டீரு."

நியாயம்தான். கிருபைராஜ் கத்தியைக் கழுத்தருகே பிடித்தபடி கட்டை அவிழ்த்தான்.

ரசீத் வெளியே வந்து வெள்ளித்தாளைப் பிடுங்கி எறிந்தான்.

"பெட்ரோல் பம்புக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃப்யூஸு. லைட்டு வயரு டிக்கிக்குள்ள தகரத்துல உரசுது. பிரேக்க மிதிச்சா ஃப்யூஸு போவுது, பம்பு நிக்குது, வண்டி நிக்குது."

சட்டைப் பையிலிருந்து புது ஃப்யூஸை எடுத்துச் சொருகினான்.

"இதான் கடைசி. ஒருத்தர் உள்ள படுத்து வயரப் பைய தூக்கிப் புடிக்கணும். டிக்கிய மூடுனாத்தான் உரசுது... அதனால மூடித்தான் பாக்கணும்."

மாடக்கண்ணு செல்போனை முன்சீட்டில் வைத்துவிட்டு, டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்தான்.

டொப்! கிருபைராஜே மூடினான்.

"இப்ப நீரு போயி பிரேக்க மிதியும். லைட்டு எரியுதான்னு நான் பின்னால நின்னு பாக்கேன்" என்றான் ரசீத்.

கிருபைராஜ் சிரித்தான்.

"நான் உள்ள உக்காந்ததும் நீ வயலுக்குள்ள ஓடவா? யாருகிட்ட! நீ சீட்ல உக்காருலே. பின்னால நான் நிக்கேன்!"

"ஒம்ம மூளைக்கு முன்னால நான் என்னத்தச் சொல்ல..."

ரசீத் பரிதாபமாக ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். எஞ்சின் உறுமியது. பிரேக்கை மிதித்தான்.

பின்னால் சிவப்பு விளக்கு பளிச்!

"எரியுது! எரியுது!" கிருபைராஜ் கத்தியோடு குதித்தான்.

விளக்கு அணைந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அணையத்தானே செய்யும்!

அந்தக் கால் அடுத்து ஆக்ஸிலரேட்டருக்குப் போனது...

கிருபைராஜ் ஓடினான். புழுதியைத் தின்றான். கார் வெள்ளைப் புள்ளியாகி, வளைவில் அதுவும் இல்லாமல் போனது. செருப்பு ஒன்று அறுந்தது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

ரொம்ப நேரம் கழித்து செல்போன் அடித்தது. மாடக்கண்ணுவின் நம்பர்!

"ஏலே மாடா! எங்கலே இருக்க?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் பேசியது.

"ஒம்ம ஆளு எங்க பிடியில இருக்கான். வயர நல்லாப் புடிச்சிட்டுக் கெடக்கான்வே!"

"ர... ரசீத்து! போலீசுக்கு மட்டும்..."

"ஸ்டேஷன் வாசல்லதான்வே பிரேக்க மிதிச்சேன்... ஃப்யூஸு போவல!"